விலைக்கு வாங்கிய அனுபவம்

போலி அனுபவச் சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஓர் அப்பாவும் மகனும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மகன் 2022இல் மெக்கானிக்கல் முடித்தவன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த 47ஆம் நாள், மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி: “வேலையில் ஏதாவது குறை வைத்தானா சார்?”

வேலையில் குறை வைக்கவில்லை. அவன் காட்டிய மூன்று ஆண்டு அனுபவம்தான் பொய். தொண்ணூறு நாளில் ஜாவா கற்றுத் தருகிறோம், கூடவே அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் போட்டுத் தருகிறோம் என்ற ஒரு பயிற்சி மையத்தில் ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியது. அம்மாவின் சங்கிலி இன்னும் வங்கியில் இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் மனிதவளத் துறையில் இருந்துவிட்டு, இப்போது வேலை தேடுபவர்களுக்கு வழிகாட்டும் வேலையைச் செய்கிறேன். மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: “எல்லோரும் போடுகிறார்கள், உள்ளே போய்விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்” என்பதைப் போல என்னை எரிச்சலூட்டும் வாக்கியம் வேறு கிடையாது. கேட்பதே உள்ளே போன பிறகுதான். ஆள் அவசரமாகத் தேவைப்படுவதால் முதலில் சேர்த்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பை வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்த அறிக்கை வர ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை வந்த சம்பளத்தைப் பார்த்துவிட்டு “மாட்டவில்லை” என்று நீங்கள் நண்பனுக்கும் அதே மையத்தைக் கைகாட்டுகிறீர்கள். ‘எல்லோரும்’ என்ற அந்தக் கூட்டம் இப்படித்தான் பெருகுகிறது. மாட்டியவன் ஊருக்குத் திரும்பி வாயே திறப்பதில்லை. அவனை நீங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். பாதி நேரம் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. அந்தத் தம்பியின் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். பிப்ரவரி மாதத்துக்கு வேலை நாட்கள் முப்பது. சென்னை நிறுவனம் என்று மேலே முகவரி. கீழே மாதாமாதம் 200 ரூபாய் தொழில் வரிப் பிடித்தம். அது கர்நாடகத்துக் கணக்கு. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. பெங்களூர்ச் சீட்டு ஒன்றை எடுத்து முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு இந்த அழகு! போதாததற்கு, அவனுக்கு 2022இலிருந்து அனுபவம் கொடுத்த அந்த நிறுவனம் பதிவானதே 2024இல். கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

“இப்போது பி.எஃப். கூடக் கட்டித் தருகிறார்கள் சார்” என்றான். கட்டுவார்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். என்பது ஆயுள் முழுக்க ஒருவருக்கு ஒரே எண். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். பாஸ்புக்கில் எந்த மாதச் சந்தா என்பதோடு, அது எந்தத் தேதியில் வரவானது என்பதும் இருக்கும். மூன்று ஆண்டுச் சந்தாவும் ஒரே வாரத்தில் வரவாகியிருந்தால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? இன்னும் பெரிய கொடுமை, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்ததாகக் காட்டும் ஏற்பாடு. உங்களிடம் முதலில் ரொக்கமாக வாங்கி, கமிஷனைக் கழித்துக்கொண்டு, மீதியை மாதாமாதம் உங்கள் கணக்கிலேயே போடுகிறார்கள். உங்கள் பணத்தையே உங்களுக்குச் சம்பளமாகத் தருவதற்கு ஒரு கட்டணம்!

அந்தப் பொய்யான சேவை உங்கள் யு.ஏ.என்.இல் ஏறிவிட்டால் அதை நீக்குவது லேசான காரியம் இல்லை. அடுத்து உண்மையாகவே ஒரு வேலை கிடைத்தாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். பொய் ஆவணத்தை மெய்யென்று கொடுப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் போலீசுக்குப் போவதில்லை என்ற ஒரே காரணத்தால் அது சட்டப்படி சரியாகிவிடாது. போலியைத் தயாரித்தவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். கையெழுத்து உங்களுடையது.

என் பழைய மனிதவளத் துறைக்காரர்களையும் திட்டியாக வேண்டும். புதிதாகப் படித்து வந்தவர் செய்யக்கூடிய வேலைக்கு ‘மூன்று ஆண்டு அனுபவம் கட்டாயம்’ என்று விளம்பரம் கொடுப்பது யார்? நாங்கள்தான். ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போன காலம் மாறிவிட்டது. எதிர்பார்ப்பு கூடியிருக்கிறது, கதவு குறுகியிருக்கிறது. அந்தப் பதற்றம் எனக்கும் புரிகிறது.

ஆனால் உண்மையான ஓராண்டு அனுபவத்துக்கு வழி இருக்கிறது. அதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரென்டிஸ்) சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதை நடத்தும் தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை 2019இல் 9,000 ரூபாய் என்று விதித்தார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் நெய்வேலி என்.எல்.சி.யும் இதன் வழியாக ஆள் எடுக்கின்றன. முடிவில் மத்திய அரசின் சான்றிதழ். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அதை அனுபவமாகவே பதியலாம். அங்கேயே நிரந்தரமாக்குவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. படித்து முடித்து நீண்ட காலம் ஆகிவிட்டால் இடமே கிடைக்காது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் உட்காராதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைப் பயிற்சி மையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆதாருக்கு வரும் ஓ.டி.பி.யை, யு.ஏ.என். எடுக்கத்தான் கேட்கிறோம் என்றாலும் சொல்லாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: “பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான்” என்று சாப்பாட்டு வேளையில் சொல்லாதீர்கள். என்னிடம் வந்த நான்கு பேரில் மூன்று பேர் அந்தச் சொல் தாங்காமல்தான் பணம் கட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தம்பியிடம் 2022 ஜூனிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டேன். “சும்மாதான் சார் இருந்தேன்.” இன்னொரு முறை கேட்டேன். பீளமேட்டில் சித்தப்பாவின் லேத் பட்டறையில் பதினான்கு மாதம் இருந்திருக்கிறான். பில் போட்டிருக்கிறான், ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்திருக்கிறான். எந்த ஆர்டர் எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்று பார்க்க எக்செல்லில் ஒரு பட்டியல் செய்து வைத்திருக்கிறான். சித்தப்பா இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறார். இது ஏன் விண்ணப்பத்தில் இல்லை? “இதையெல்லாமா போடுவார்கள்?”

இல்லாத மூன்று ஆண்டை ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கியவன், இருந்த பதினான்கு மாதத்தை மறைத்திருக்கிறான்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இருவரும் புதிதாக எழுதினோம். பட்டறை முதல் வரியில் வந்தது. விசாரிப்பதற்குச் சித்தப்பாவின் எண்ணைக் கொடுத்தோம். லேத் ஓடும்போது அவருக்குக் காது கேட்காது, மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கவும் என்று அவனே பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொண்டான்.