உடைந்த முன்பல்லும் வளர்ந்து முடியாத வேரும்

விழுந்த பிள்ளை எழுந்து வாயைத் திறக்கிறது. உதட்டில் ரத்தம், மேல்வரிசை முன்பல் ஒன்று சாய்வாக உடைந்து பாதியாக நிற்கிறது. பெற்றோருக்கு முதலில் கண்ணில் படுவது அந்த ஓட்டைதான். இனி சிரித்தால் எப்படி இருக்குமோ என்ற கவலை உடனே வந்துவிடும். பல் டாக்டர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். விளக்கைத் திருப்பி, உடைந்த பரப்பின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா என்றுதான் முதலில் தேடுவார்.

அந்தப் புள்ளி ஏன் முக்கியம் என்பதற்குப் பல்லின் உள்ளே போக வேண்டும். வெளியே இருப்பது எனாமல். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உயிரணு ஒன்றுகூட இல்லாததால், முறிந்த எலும்பு கூடுவது போல அது தானாகக் கூடாது. அதற்கு அடியில் டென்டின். இதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள், ஒவ்வொன்றிலும் திரவம். குழாயின் வாய் திறந்துவிட்டால் காற்று பட்டாலே திரவம் அசையும், உள்ளே இருக்கும் நரம்பைச் சீண்டும். உடைந்த பல்லுக்கு ஐஸ்கிரீம் வேண்டியதில்லை, வாய் திறந்து மூச்சு இழுத்தாலே கூசும். கிருமிகளுக்கும் அதே குழாய்தான் வழி. எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பற்கூழ்: ரத்தக்குழாயும் நரம்பும் உயிரணுக்களும் சேர்ந்த மென்மையான சதை. டாக்டர் தேடிய சிவப்புப் புள்ளி இதுதான்.

நிரந்தர மேல் முன்பற்கள் 7, 8 வயதில் முளைக்கின்றன. முளைத்துவிட்டதாலேயே பல் முழுதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். வேர் வளர்ந்து நுனி மூட அதன்பிறகும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வேர் குட்டையாக, சுவர் மெல்லியதாக, நுனி புனல் போலத் திறந்திருக்கும். பிள்ளைகள் ஓடி விழுந்து பல்லை உடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். உள்ளிருந்து அந்தச் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே வருவது பற்கூழ். அது இறந்துவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும். மெல்லிய சுவரோடு நின்ற வேர், பிற்காலத்தில் ஒரு சின்ன இடியில் கழுத்தோடு முறியலாம். பெரியவர் பல்லில் பற்கூழ் வெளியே தெரிந்தால் வேர் சிகிச்சை செய்து அதை எடுத்துவிடுவது நெடுநாளைய வழக்கம். பிள்ளைக்கு முடிந்தவரை அதைச் செய்யக் கூடாது. திறந்த நுனி வழியாக ரத்த ஓட்டம் தாராளமாக வருவதால், அடிபட்ட இளம் பற்கூழ் தேறி வருவதும் சுலபம்.

இதைத் தெளிவாகக் காட்டியவர் ஸ்வீடனில் பணியாற்றிய மியோமிர் ஸ்வெக். 1978-ல் வெளியான அவருடைய ஆய்வில், பற்கூழ் தெரியும்படி உடைந்த 60 முன்பற்களில் பற்கூழின் மேற்பகுதியில் சுமார் 2 மி.மீ. மட்டும் அகற்றிவிட்டு மீதியை உயிரோடு விட்டார். 96 சதவீதம் ஆறின. திறந்த இடம் எவ்வளவு பெரியது, உடைந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பவை முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. இதற்காக நிதானமாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. மறுநாள் போனவரும் நம்பிக்கை இழக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, தண்ணீர் பீய்ச்சியபடி வைரத்தூள் பூசிய நுனியால் கிருமி தொட்ட மேல்பகுதியை நீக்குகிறார்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சை அழுத்தினால் சில நிமிடங்களில் ரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அழற்சி இன்னும் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள், இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். அப்புறம் ஸ்வெக் வைத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. கடுமையான காரப்பொருள், தொட்ட இடத்தை லேசாகச் சுட்டுவிடும். அந்தச் சூட்டில் விழித்துக்கொள்ளும் உயிரணுக்கள் தங்களுக்கு மேலே தாங்களே ஒரு கெட்டிச் சுவரை எழுப்புகின்றன. இன்று கால்சியம் சிலிகேட் சிமென்ட்களும் உண்டு. அவற்றில் பழைய வகைகள் சில பல்லைக் கறுக்க வைத்துவிடும் என்பதால் முன்பல்லுக்குக் கறை படியாத வகையாகப் பார்த்து வைப்பார்கள்.

சரி, உயிர் பிழைத்தது. இனி ஓட்டையைப் பார்க்கலாம்.

உடைந்த துண்டு கிடைத்திருந்தால் அதையே ஒட்டலாம். நிறமும் வடிவமும் அதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும்? தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள். காய்ந்த துண்டு சுண்ணாம்பு போல வெளுத்துவிடும், ஒட்டும் முன் சுமார் 20 நிமிடம் நீரிலோ உப்புநீரிலோ ஊற வைப்பார்கள். துண்டைக் காணோம், உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்கும் எக்ஸ்ரே எடுப்பது நல்லது. சில சமயம் அது உதட்டுச் சதைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

துண்டு இல்லாவிட்டால் காம்போசிட். பிசினும் கண்ணாடித் தூளும் கலந்த களிம்பு இது. முதலில் நிறம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துக் காட்டும். அந்த நிறத்துக்குச் செய்தால் மறுநாள் இது மட்டும் தனியாகத் தெரியும். வழவழப்பான எனாமலில் பிசின் எப்படிப் பிடிக்கும்? 1955-ல் மைக்கேல் போனோகோர் என்ற அமெரிக்கர் இதற்கு வழி சொன்னார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க ஃபாஸ்பாரிக் அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்தைப் பல்லில் செய்து பார்த்தார். இப்போது சுமார் 37 சதவீத ஃபாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுகிறார்கள். காற்று ஊதி உலர்த்தியதும் பளபளத்த எனாமல் சொரசொரப்புக் கண்ணாடி போல மங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிகளுக்குள் பிசின் இறங்கிக் கெட்டியாகிக் கொக்கி போட்டுக்கொள்கிறது. கெட்டியாக்குவது நீல ஒளி. வெளிச்சம் ஆழமாக இறங்காது என்பதால் 2 மி.மீ. அளவில் அடுக்கடுக்காக வைப்பார்கள்: உள்ளே டென்டின் போல ஒளி புகாத நிறம், வெளியே எனாமல் போல ஒளி ஊடுருவும் நிறம். புதுப் பல்லின் விளிம்பில் இருக்கும் சின்னச் சின்ன மேடுகளைக்கூட நல்ல கை உள்ள டாக்டர் செதுக்கிவிடுவார்.

நிரந்தரமாகக் கேப் போட்டுவிடலாமே என்று பலர் கேட்பார்கள். அதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். இந்த வயதில் பற்கூழ் அகலமானது, ஈறும் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும். காம்போசிட் சில ஆண்டுகளில் மங்கலாம், ஓரம் பெயரலாம். பெயர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்; ராவிய பல் திரும்பி வராது. என்னைக் கேட்டால் காத்திருப்பதே சரி.

இதெல்லாம் உடைந்த நிரந்தரப் பல்லுக்கு. நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் உடனே குழியில் திரும்பப் பொருத்த வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு ஓட வேண்டும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

ஒட்டியபின் வலியில்லை, பார்க்கவும் அழகு. அதோடு டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள், தவறே அங்கேதான். பற்கூழ் தெரிந்த பல்லை 6 முதல் 8 வாரத்தில், பிறகு 3, 6 மாதங்களில், ஓராண்டில் பார்க்க வேண்டும். குளிர்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப முடியாது. அடிபட்ட பல் உயிரோடிருந்தும் மூன்று மாதம் வரை பதில் சொல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் டாக்டர் அந்த வேரைப் பக்கத்துப் பல்லின் வேரோடு வைத்துப் பார்க்கிறார். முதல் படத்தில் இரண்டுக்கும் நுனி திறந்திருந்தது. ஓராண்டுப் படத்தில் உடைந்த பல்லின் வேரும் பக்கத்து வேர் அளவுக்கே நீண்டு, சுவர் தடித்து, நுனி குறுகிக்கொண்டு வந்திருக்கிறது.