ஆச்சிக்கு எதற்கு ஆண் ஹார்மோன்?

காரைக்குடியில் இருக்கும் என் அயித்தைக்கு அறுபது வயது நெருங்கும்போது முன்கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஊசிமுனை அளவுதான்; விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒரு சுற்று நடந்தாலே மூச்சு வாங்கியது. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு ஏபிளாஸ்டிக் அனீமியா என்றார்கள்; மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உண்டாக்காத நோய். சில மாதம் கழித்து எழுதித் தந்த டானசால், ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்தது என்று தெரிந்ததும், "பொம்பளைக்கு எதுக்கப்பா ஆம்பிளை மருந்து?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

ரத்தசோகை என்றாலே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஆரம்பித்துவிடுவோம். இங்கே குறை இரும்பில் இல்லை, உறைமோரில். பால் எவ்வளவு இருந்தாலும் உறைமோர் இல்லாமல் தயிர் ஏது? அந்தத் தயிரிலேயே ஒரு கரண்டி நாளைக்கென்று எடுத்து வைக்கிறோம். மஜ்ஜையின் ஸ்டெம் செல்களும் அப்படித்தான்: ரத்த அணுக்களை உண்டாக்கும், கூடவே தம்மையும் புதுப்பித்துக்கொள்ளும். பிறவியில் இல்லாமல் பின்னால் வரும் இந்த நோயில், பெரும்பாலும் நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு செல்களான டி செல்களே அவற்றை அழிக்கின்றன. காலியான இடத்தில் கொழுப்பு நிறைகிறது. சிவப்பணு 120 நாள் தாங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணு பத்து நாள்கூடத் தாங்காது. அந்தப் புள்ளிகள் தட்டணு குறைந்ததன் அடையாளம்.

வயது குறைந்தவர்களுக்கு, உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சைதான் முதல் வழி. மற்றவர்களுக்கு அந்த டி செல்களை அடக்கும் ஏடிஜி ஊசியும் சைக்ளோஸ்போரினும். இப்போது ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரையும் சேர்கிறது. இவை பலிக்காதபோதோ, செலவுக்கு வழியில்லாதபோதோ ஆண் ஹார்மோன் மருந்துகள் வருகின்றன. சுமார் 1960 முதலே புழக்கத்தில் இருப்பவை.

சிறுநீரகத்தை எரித்ரோபாய்ட்டின் அதிகம் சுரக்க வைத்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகின்றன என்பது பழைய விளக்கம். எனக்குப் பிடித்தது அடுத்தது. கண்டாங்கிச் சேலையின் முந்தியில் நூலைச் சேர்த்து முடிச்சுப் போடுவோம், இல்லையென்றால் ஓரம் பிரிந்துவிடும். குரோமோசோமின் முனையில் அப்படி இருப்பது டெலோமியர். செல் பிரியப் பிரிய அது தேயும். தேய்ந்ததை நீட்டுவது டெலோமரேஸ் நொதி. 2009-ல் வெளியான ஆய்வக ஆராய்ச்சி ஒன்று, ரத்த செல்களில் ஆண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி அந்த நொதியைக் கூட்டுவதைக் காட்டியது. ஆய்வகத்தில் ஆம்பிளை ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாறி வேலை செய்திருக்கிறது! அயித்தையிடம் இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்தது. 2016-ல், டெலோமியர் குறைபாடு உள்ள 27 பேருக்கு தினம் 800 மில்லிகிராம் டானசால் கொடுத்துப் பார்த்ததில், பலருக்கு டெலோமியர் நீண்டது, ரத்த அணுக்களின் அளவும் ஏறியது. அயித்தையின் நோய் அதே வகை இல்லை என்பதையும் சொன்னேன்.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், எல்லோருக்கும் கிடைக்காது. கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது ஸ்கேனும் வேண்டும். பெண்களுக்கு முகத்தில் முடி, பரு வரலாம். குரல் தடித்தால், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி திரும்பாமலே போகலாம்.

நான்காம் மாதம் அயித்தையின் தட்டணு மெல்ல ஏறியது. கையில் புள்ளிகள் இல்லை. ஆனால் பேரனுக்குத் தாலாட்டு பாடும்போது குரல் மேலே ஏறவில்லை. வெட்கப்பட்டு ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். டாக்டரிடம் சொன்ன அன்றே மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.