வெர்சடைல்: தமிழில் பன்முகத் திறன்

மொரிசியசில் ஒரு பாடகரை 'வெர்சடைல்' என்று புகழுமுன் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அது பாராட்டு. பிரெஞ்சில் அதே எழுத்துகள்தாம்; ஆனால் நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு என்று நிலையில்லாமல் இருப்பவரைக் குறிக்கும். இரு மொழியும் அன்றாடம் புழங்கும் தீவில், புகழப்பட்டவர் முகம் சுளித்தால் வியப்பில்லை.

இரண்டுக்கும் மூலம் லத்தீன். 'வெர்த்தெரே' என்றால் திருப்புதல். அதில் கிளைத்த 'வெர்சாத்திலிஸ்' எளிதில் சுழல்வதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் மனம் மாறுகிறவரை இச்சொல்லால் சுட்டியதுண்டு. எந்தப் பக்கமும் திரும்பவல்ல திறமை என்ற பொருளே அங்கே நிலைத்தது.

ராக் பாடகர்களில் இச்சொல்லுக்கு முழுத் தகுதி உடையவர் என்று நான் கருதுவது பிரெடி மெர்க்குரியை. நம் இந்தியப் பெருங்கடலின் சான்சிபார் தீவில், 1946இல் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாடிய குயின் இசைக்குழு 1975இல் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சடி' ஆறு நிமிடம்கூட நிறையாத பாட்டு. கருவியில்லாக் கூட்டுக்குரலில் தொடங்கி, பியானோவோடு தணிந்து, ஓப்பராவாகப் பெருகி, ராக்காக வெடித்து, மீண்டும் தணிந்து அடங்குகிறது. 1988இல் ஸ்பெயினின் ஓப்பராப் பாடகி மொன்செராட் கபாயேவுடன் ஓர் இசைத்தொகுப்பே வெளியிட்டார். அவர் பக்கத்தில் நின்றபோதும் பிரெடியின் குரல் பிரெடியின் குரலாகவே இருந்தது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'சகலகலா வல்லவர்' பொருந்தாது. அது எல்லாக் கலையும் தெரிந்தவரைக் குறிக்கும். 'பல்துறை வல்லுநர்' என்பது மருத்துவமும் சட்டமும் கற்றவருக்குப் பொருந்தும். பாடகருக்குத் துறை ஒன்றே, மாறுவது பாணி. என் தேர்வு 'பன்முகத் திறன்'. பல் + முகம் = பன்முகம்.

முகம் என்ற சொல்லைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். திருமுருகாற்றுப்படையில் ஆறுமுகனின் ஒரு முகம் உலகின் இருள் நீக்குகிறது, ஒன்று வரம் தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது, ஒன்று திசைகளை விளக்குகிறது, ஒன்று போர்க்களத்தை நாடுகிறது, ஒன்று வள்ளியோடு நகைக்கிறது. வேலை ஆறு, ஆள் ஒருவர். தைப்பூசத்தன்று கோர் த கார்ட் மலைச்சரிவுக் கோவிலுக்குக் காவடியோடு ஏறுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரோஸ்ஹில்லில் ஒரு திருமண வீட்டில் இந்தத் திறனை அருகிலிருந்து கேட்டேன். ஓர் இளைஞன் முதலில் தேவாரம் பாடினான். ஒவ்வொரு அடியின் இறுதியையும் இழுத்து, கண்மூடி நின்றான். இரவு முற்றத்தில் தீ மூட்டி, ரவான் பறையின் ஆட்டுத்தோலைக் காட்டி முறுக்கேற்றினார்கள். அவனே மொரிசியசின் நாட்டுப்பாட்டான சேகாவை எடுத்தான். இப்போது சொற்கள் துள்ளின, இழுவை போன இடம் தெரியவில்லை. ஆனாலும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவன் பாட்டி எட்டிக்கூடப் பார்க்காமல் "நம்ம பிள்ளைதான்" என்றார்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். 'பன்முகத்தன்மை' என்பதைப் பல இனம், பல மொழி சேர்ந்து வாழும் சமூகத்தின் இயல்புக்கு ஏற்கெனவே வழங்குகிறோம். மொரிசியசுக்கு உள்ளது பன்முகத்தன்மை. அந்த இளைஞனுக்கு உள்ளது பன்முகத் திறன்.