பெரிய கம்பெனி செயலியில் பாக்கிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்த கையோடு, செயலி மூடப்பட்டுக் கணக்கு போன அதே பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் என் சர்வீஸ் கடைக்கு வந்துவிட்டார். நீடாமங்கலம் பக்கம் பெல்ட் வண்டி (நெல் அறுவடை இயந்திரம்) வாடகைக்கு விடுகிறவர். எந்த வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம், பேசினால் பதிந்துகொள்ளும், பெரிய கம்பெனி ஒன்றின் சோதனைச் செயலியில் இருந்தது. இப்போது திறந்தால் 'சேவை நிறுத்தப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. ஊரில் விவசாயிகளுக்கு நெல் கொள்முதல் பணம் ஏறிக்கொண்டிருக்கிறது; வசூலுக்குப் போக இவரிடம் கணக்கு இல்லை.

எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்: "எவ்ளோ பெரிய கம்பெனி, எங்க தம்பி ஓடிடப் போறான்?"

கம்பெனி ஓடாது ஐயா, செயலிதான் ஓடும். இந்த மாதிரிச் செயலி கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வருவது, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வெளியே விட்டது. பார்த்தாகிவிட்டால் மூடுவார்கள். சின்னக் கம்பெனிக்கு அந்த ஒரு செயலிதான் சோறு, லேசில் விடாது. பெரிய கம்பெனிக்கு ஒன்றை மூடினால் வலிப்பதே இல்லை. கூகுள் 2009-ல் ஆரவாரமாக அறிவித்த வேவ் என்ற, பலர் சேர்ந்து பேசி எழுதும் சேவை 2010 ஆகஸ்டிலேயே கைவிடப்பட்டது. மருத்துவக் குறிப்புகளைச் சேர்த்து வைக்க 2008-ல் வந்த கூகுள் ஹெல்த் 2012 ஜனவரி 1-ல் நின்றது. மைக்ரோசாஃப்டின் சோதனைப் பட்டறையான கராஜில் பிறந்து 2017-ல் இந்தியாவுக்கு வந்த கைசாலா என்ற குழுச் செய்திச் செயலி 2023 ஆகஸ்ட் 31-ஓடு சரி. சோதனைகளுக்கென்றே இருந்த கூகுள் லேப்ஸையே 2011-ல் மூடினார்கள். அதே பெயர் இப்போது திரும்ப வந்திருக்கிறது, அது வேறு கதை.

சோதனைக்கு நான் எதிரி இல்லை. ஜிமெயிலே 2004 முதல் 2009 வரை பீட்டா (சோதனைப் பதிப்பு) என்ற அடைமொழியோடுதான் ஓடியது. எது நிலைக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்?

"சொல்லாமக் கொள்ளாம மூடிட்டான்" என்பது அடுத்த புகார். சொல்லித்தான் இருந்தார்கள். போன் விற்ற கடைப் பையன் போட்டுக் கொடுத்த மெயில் ஐடிக்கு, இன்ன தேதிக்குள் தரவுகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் மெயில்கள் வந்து கிடந்தன. அப்படி ஒரு ஐடி இருப்பதே இவருக்குத் தெரியாது.

ஆகவே, தயவுசெய்து: பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை மெயிலைத் திறந்து பாருங்கள், ஆங்கிலம் புரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள். செயலியின் பெயருக்குப் பக்கத்தில் பீட்டா, லேப்ஸ், சோதனை என்று இருந்தால் பணக் கணக்கை அதில் மட்டும் வைக்காதீர்கள். எக்செல்லாக இறக்குகிற வசதி இல்லாத செயலியில் கணக்கே வேண்டாம். இருந்தால் மாதாமாதம் இறக்கி பென் டிரைவில் போடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதும் ஒன்றும் கேவலமில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? செயலியை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். கொஞ்சம் தரவு போனிலேயே தங்கியிருக்கலாம். யூடியூப் பார்த்து நீங்களாக எதையும் அமுக்காமல், அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.