சமதரையில் பிடிக்கும் பிரேக்கை நம்பவேண்டாம்

போன மாரியில் ஒரு பின்னேரம், பதுளைப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று செங்கலடியில் எங்கள் கராஜுக்குள் வந்தது. லொறிக்கு முன்னாலேயே மணம் வந்துவிட்டது. ஏற்றியிருந்தது கோவாவும் லீக்ஸும், மணந்தது கருகிய லைனிங், அதாவது பிரேக் ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை. சாரதித் தம்பி இறங்கிவந்து, "பாஸ், லுணுகலை இறக்கத்துல மிதிச்சா ஒண்டுமே இல்ல. போகக்குள்ள நல்லாத்தான் பிடிச்சது. மீட்டர்ல காத்தும் முழுசா இருந்தது" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கம்பெனி லொறிகளுக்குப் பல வருடமாக வேலை செய்கிற எனக்கு, பயமே அந்த உண்மையில்தான்.

எங்கள் ஊர் சமதரை. கல்முனை, அக்கரைப்பற்று என்று நெல்லும் அரிசியும் ஏற்றி நாள் முழுக்க ஓடினாலும் ஒரு இறக்கம் வராது. சந்தியிலும் மாட்டுக்கும் மிதிக்கிற மிதியில், சக்கரத்தோடு சுற்றும் ட்ரம் பெரிதாகச் சூடேறுவதில்லை. அதனால் பாதிப் பழுதான பிரேக்கும் இங்கே நல்ல பிரேக் மாதிரியே நடந்துகொள்ளும். ஆனால் செங்கலடியிலிருந்து போகும் ஏ5 வீதி பிபிலையைத் தாண்டி மலைக்கு ஏறுகிறது. திரும்பி வரும்போது அதே மலையைச் சுமையோடு இறங்கவேண்டும்.

ட்ரம் இரும்பு. சூடேறினால் விரிந்து, லைனிங்கை விட்டு விலகும். அப்போது சேம்பரிலிருந்து (டேங்க் காற்று வந்து தள்ளும் அறை) வரும் தள்ளுகம்பி வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் தள்ளவேண்டும். லைனிங் தேய்ந்து, அடஜஸ்ட் பண்ணாமல் விட்ட சக்கரத்தில் கம்பி ஏற்கெனவே தன் எல்லைக்குக் கிட்ட நிற்கும். அதற்கு மேல் போக இடமில்லை. டேங்கில் எவ்வளவு காற்று இருந்தும் பயனில்லை.

அந்த லொறியில் அளந்து பார்த்தோம். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விட்டு, டேங்கில் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. காற்று இருக்க என்ஜினை நிறுத்தினோம். கம்பி சேம்பரை விட்டு வெளியே வரும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு. கிளீனர் பெடலை முழுசாக மிதித்துப் பிடிக்க, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். டைப் 30 சேம்பருக்கு 2 அங்குலம் எல்லை. பின்சக்கரம் இரண்டிலும் இரண்டேகால் காட்டியது. பத்து நிமிட வேலை, செலவு ஒரு துண்டு சோக்.

"ஓட்டோ அடஜஸ்டர்தானே, அது தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்வார்கள். லைனிங் தேயத்தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அந்தப் பாகம் இருந்தும் கம்பி நீளமாக வந்தால் வேறெங்கோ பழுது. ஸ்பானரால் முறுக்கிவிட்டு அனுப்பினால் கொஞ்ச நாளில் அதே நிலைக்கு வரும். பிரேக் ஷாஃப்ட் புஷ், ஆணி (பின்) என்று எல்லாவற்றையும் வடிவாகப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது. 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஆட்களிடம் இதைப் பேசுவது கஷ்டம்தான். ஆனாலும் சொல்கிறேன்: நியூட்ரலில் என்ஜினின் பிடி போய்விடும், முழுப் பாரமும் லைனிங்கில் விழும். கொம்பிரஸரைச் சுற்றுவதும் என்ஜின்தான். அது ஐடிலில் மெதுவாகச் சுற்ற, நீங்கள் மிதித்து மிதித்துக் காற்றைச் செலவழிக்கிறீர்கள். சின்ன கியரை இறக்கம் தொடங்குமுன்பே போடுங்கள். வேகம் பிடித்தபிறகு கியர் விழாது.

எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். எயார் டேங்குக்கு அடியிலுள்ள வால்வை ஓட்டம் முடிந்ததும் தினமும் திறந்துவிடுங்கள். வெறும் தண்ணீர் வந்தால் சரி. பால்கோப்பி நிறத்தில் வந்தால் கொம்பிரஸர் ஒயில் தள்ளுகிறது, அப்படியே கொண்டுவாருங்கள்.

கராஜ் பெடியன்களுக்கும் ஒன்று: பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் சேம்பரை ஒருபோதும் பிரிக்காதீர்கள். உள்ளே அமுங்கிக்கிடக்கும் ஸ்பிரிங், கிளாம்ப் கழன்றால் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கைப் பூட்டும் போல்ட்டைப் போட்டு, முழுச் சேம்பராகவே மாற்றுகிறோம்.

அன்று இரவே மரக்கறியை வேறு லொறிக்கு மாற்றி அனுப்பினோம். பின்சக்கர ட்ரம் இரண்டிலும் வெடிப்பு இருந்ததால், அந்த லொறி மூன்று நாள் கராஜில் நின்றது.