பகா எண்: வேரும் பொருளும்

எண்களைப் பற்றிய பொது உரை எதுவானாலும் சிறிது நேரத்தில் ‘பிரைம் நம்பர்’ வந்துவிடும். தமிழில் அது பகா எண். 1-ஐவிடப் பெரியதாகவும், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவதாகவும் இருக்கும் முழு எண்: 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். 100-க்குள் இவை 25, 1000-க்குள் 168. 1-க்கு மேற்பட்ட மற்ற முழு எண்களெல்லாம் பகு எண்கள். இராமானுசன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-உம் பகு எண்தான்: 7 × 13 × 19.

வேர், ‘பகு’ என்னும் வினை. பகுதி, பகுப்பு, பகிர்வு எல்லாம் இதன் உறவுகள். ‘பகாத’ என்பதன் ஈறு கெட்டு ‘பகா’ ஆனது, வாடாத மலர் வாடா மலர் ஆவதுபோல. இந்த இணையைக் கணக்காசிரியர்கள் புதிதாகச் செய்யவில்லை. பவணந்தியாரின் நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரிக்கிறது. பகுதி, விகுதி என்று பிரித்தால் உறுப்புகள் பொருள் தருவது பகுபதம். அப்படிப் பிரிக்க இடம் தராதது பகாப்பதம். எண்ணுக்கும் இதே பார்வைதான். 15 என்பது 3, 5 என்று பிரியும், 17 பிரியாது.

ஐரோப்பியப் பெயரின் கதை வேறு. கிரேக்கத்தில் ‘ப்ரோட்டோஸ் அரித்மோஸ்’, அதாவது முதல் எண். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ ஏழாம் நூலில் இதற்கு வரையறை உண்டு. இலத்தீன் அதை ‘ப்ரீமுஸ்’ ஆக்க, ஆங்கிலத்துக்குப் ‘பிரைம்’ வந்தது. இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘முதன்மை எண்’, ‘சேர்த்தி எண்’ இரண்டும் இந்த வழியில் வந்தவை. பிழையென்று சொல்ல எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து மாணவர்களும் கேட்கும் உரையென்றால் இரண்டு பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. ஆனாலும் என் வாக்கு ‘பகா’வுக்கே. எப்படிச் சோதிப்பது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 1-உம் பகாததுதானே? சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் 1 உள்ளே வந்துவிடும். 1742-இல் கணித அறிஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், இன்னொரு கணித அறிஞரான கோல்ட்பாக் 1-ஐயும் பகா எண்ணாகச் சேர்த்துத்தான் எண்ணினார். இன்று அதை விலக்குவதற்குக் காரணம், 12 = 2 × 2 × 3 என்பதுபோல் ஒவ்வோர் எண்ணுக்கும் பகாக் காரணிகள் ஒரே ஒரு விதமாகத்தான் அமைய வேண்டும் என்பது (வரிசை மாறலாம்). 1-ஐப் பகா எண் என்றால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவின்றி எழுதிக்கொண்டே போகலாம். ஆகவே 1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். 223-ஐ எடுத்துக்கொள்வோம். 15-இன் வர்க்கம் 225. எனவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறே வகுத்தல்கள். எதிலும் மீதியின்றிப் போகவில்லை. 223 பகா எண். அதற்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் அவற்றில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. தவறு நேர்வது பெரும்பாலும் 91, 119, 133 போன்றவற்றில். 2, 3, 5-க்கான எளிய சோதனைகளில் தப்பிவிடும் இவை 7-இல் மாட்டும்: 7 × 13, 7 × 17, 7 × 19. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பகா எண் என்று நினைப்பது இன்னொரு பழைய குழப்பம். அதற்கு 9 ஒன்றே போதும்.

பகா எண்கள் முடிவற்றவை என்ற யூக்ளிடின் நிறுவலை மேடையில் சொல்லும்போதும் ஒரு வழுக்கல் உண்டு. ‘உள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும்’ என்று முடித்துவிடுவார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இது 59 × 509. கிடைத்த எண் பகா எண்ணாக இருக்கவேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத பகாக் காரணி அதற்கு இருக்கும் என்பதே நிறுவலின் சாரம்.

எழுதும்போது கவனிக்க: பகாக் காரணி என்று ஒற்று மிகும், ‘பகா காரணி’ பிழை. பகு காரணி என்பது வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. 11, 13 போல 2 வேறுபாட்டில் வருபவை இரட்டைப் பகா எண்கள். 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்கள் சார்பகா எண்கள். இதற்கு அவை பகா எண்களாக இருக்கத் தேவையில்லை. 8-உம் 15-உம் பகு எண்கள், ஆனால் ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள்.