பிள்ளையார் பருத்தார், மஞ்சள் சிவந்தது

கொழிஞ்சாம்பாறையில் என் மச்சினன் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறான். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகவேண்டும். கேரளம்தான், ஆனால் சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கம் கடைவீதியில் நின்றால் தமிழும் மலையாளமும் கலந்துதான் காதில் விழும். ஒரே பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் கர்க்கடகம். இரண்டு பேருமே அந்த மாதம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆவணி பிறந்தால் அவர்களுக்குச் சிங்ஙம். எல்லா முகூர்த்தமும் சேர்ந்து வந்து விழும். அதனால் ஆடிக் கடைசியில் கடையில் தலைபோகிற வேலை.

அப்படி ஒரு காலையில் போன் வந்தது.

"மாமா, ராத்திரி கம்ப்யூட்டர் அப்டேட் ஆச்சுங்க. காலைல பாத்தா பிள்ளையார் குண்டாயிட்டாருங்க."

"அவர் என்னைக்குடா ஒல்லியா இருந்தாரு?"

"இல்லீங்க மாமா, பத்திரிகை மேல போடுவோமில்ல, அவரு. பக்கவாட்டுல வீங்கிட்டாரு. கேபிளாத்தான் இருக்கும்னு பழைய கேபிள் ஒண்ணு எடுத்து மாட்டினேன். இப்ப மஞ்சப் பத்திரிகை பூராம் சிவப்பா தெரியுது. அப்டேட்டு எல்லாத்தையும் கெடுத்துருச்சுங்க."

இரண்டு புகார், ஒரே குற்றவாளி. ஒரு புகார் சரி. இன்னொன்றுக்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் திரைக் கோளாறில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு ஒரு புள்ளி எங்கே பிறந்து எந்த வழியாகத் திரைக்கு வருகிறது என்று தெரியவேண்டும்.

இன்று சாதாரணமாகப் புழங்கும் ஒரு மானிட்டரில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்துவைக்கப் பொதுவாக 4 பைட் இடம் ஒதுக்குவார்கள். ஆகக் கண் முன்னால் நிற்கும் ஒரு முழுப் படத்துக்குச் சுமார் 83 லட்சம் பைட். இந்தப் படம் கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் அப்படியே கிடக்கிறது. அந்த இடத்துக்கு ஃபிரேம் பஃபர் என்று பெயர். நீங்கள் திறந்துவைத்திருக்கும் பத்திரிகை டிசைன், வாட்ஸாப், கடிகாரம் எல்லாம் தனித்தனியாக வரையப்பட்டு, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இந்த ஒரே படமாகின்றன.

அப்புறம் கிராபிக்ஸ் சிப்பின் இன்னொரு பகுதி வேலையை ஆரம்பிக்கிறது. அதற்குப் படம் என்னவென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். பஃபரில் மேல் இடது மூலையில் தொடங்கி, வரி வரியாகப் படித்துக் கேபிளில் தள்ளிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 60 முறை. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கவும், ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கவும் கொஞ்சம் வெற்று இடைவெளி விடவேண்டும். அதையும் சேர்த்தால் 2200க்கு 1125 என்ற கணக்கு. வினாடிக்கு 14 கோடியே 85 லட்சம் புள்ளிகள் கேபிள் வழியாகப் போகின்றன. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் திரையை வெறித்துக்கொண்டிருந்தாலும் போகின்றன.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. பிளேட் போடுவது ஒரு வேலை, மெஷினில் ஓட்டுவது இன்னொரு வேலை. தாளில் கறை விழுந்தால் முதலில் பிளேட்டை எடுத்துப் பார்ப்பார்கள். பிளேட்டிலேயே கறை இருந்தால் கோளாறு முன்னால். இல்லை என்றால் மெஷினில். ஃபிரேம் பஃபர்தான் நம் பிளேட்.

அந்தப் பிளேட்டை எடுத்துப் பார்க்க வழி? ஸ்கிரீன்ஷாட். அது திரையைப் படம் பிடிப்பது இல்லை, பெயர்தான் அப்படி. கணினி தன் நினைவகத்தில் வரைந்துவைத்திருக்கும் படத்தை நகலெடுக்கிறது. கேபிளையும் மானிட்டரையும் அது பார்ப்பதே இல்லை. எனவே கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் விழுந்தால் அது வரையும் இடத்தில்: மென்பொருள், கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர், கிராபிக்ஸ் நினைவகம். திரையில் தெரிகிறது, ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்திய வழியில்: கேபிள், செருகி, மானிட்டர்.

மச்சினனிடம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் போனில் பத்திரிகை மஞ்சளாகவே இருந்தது. கணினி மஞ்சளைத்தான் வரைகிறது. நடுவழியில் யாரோ கெடுக்கிறார்கள்.

யார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அவன் எடுத்து மாட்டியது பழைய வி.ஜி.ஏ. கேபிள், 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வகை. அதில் சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அச்சில் மஞ்சள் ஒரு மூல மை. திரையில் அப்படி ஒன்று கிடையாது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. பச்சைக் கம்பி அறுந்தால் மிச்சம் சிவப்பு. வெள்ளையிலிருந்து பச்சை போனால் சிவப்பும் நீலமும் சேர்ந்த மெஜந்தா. பத்திரிகை ஓரத்து வாழை மரம் கிட்டத்தட்டக் கறுப்பு. மத்தியானம் போய்ப் பார்த்தபோது செருகியின் மேல் வரிசையில் இரண்டாவது முள் மடங்கிக் கிடந்தது. அதுதான் பச்சை. அவசரத்தில் திருகி அழுத்தியிருக்கிறான்.

சரி, பிள்ளையார்?

ஸ்கிரீன்ஷாட்டில் அவரும் ஒழுங்காகத்தான் இருந்தார். இங்கேதான் ஏமாறக்கூடாது. படத்தின் அளவைத் திறந்து பார்த்தேன்: 1024க்கு 768. அதாவது கணினியே அவ்வளவு புள்ளிகள்தான் வரைகிறது. அந்தப் படம் 4க்கு 3 என்ற விகிதம்; மானிட்டரோ 16க்கு 9. வந்த படத்தைத் தன் உடம்பு முழுக்க இழுத்து விரித்துக்கொள்வது மானிட்டரின் பழக்கம். அப்படி இழுக்கும்போது அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வட்டம் முட்டையாகும், பிள்ளையார் பருப்பார். எழுத்தும் மங்கும், 1024 புள்ளிகளை 1920 இடங்களில் பங்கு போட முடியாமல் ஓரங்களைக் குழைத்துவிடுவதால்.

கணினி ஏன் 1024இல் நின்றது? இதற்குத்தான் அப்டேட்டைக் கேட்கவேண்டும்.

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் கிராபிக்ஸ் சிப்பிடம் நேராகப் பேசாது. ஒவ்வொரு சிப்புக்கும் உள்ளே தனி அமைப்பு, தனிக் கட்டளைகள். அவை தெரிந்த நிரல்தான் டிரைவர். அது சாதாரண மென்பொருளைப் போல மேலோட்டமாக உட்கார்ந்திருப்பதில்லை. அதன் முக்கியப் பகுதி இயங்குதளத்தின் கருவோடு, அதாவது கெர்னலோடு, ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. அப்டேட்டில் கரு மாறினால் பழைய டிரைவர் ஒட்டாமல் போகலாம். லினக்ஸில் இது அப்பட்டமாகத் தெரியும்: கருவோடு சேர்ந்து வராத டிரைவரை ஒவ்வொரு புதிய கருவுக்கும் ஏற்றபடி மறுபடி தொகுக்கவேண்டும், கம்பைல் என்பார்கள். அந்தத் தொகுப்பு ஓசையில்லாமல் தோற்றால் அடுத்த தடவை இயக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். விண்டோஸில், கிராபிக்ஸ் சிப் இருக்கும் கார்டைத் தயாரித்தவர் கொடுத்த டிரைவருக்குப் பதில் வேறொரு பதிப்பை அப்டேட்டே கொண்டுவந்து வைப்பதும் உண்டு.

சரியான டிரைவர் ஏறவில்லை என்றால் திரை இருண்டுபோகாமல் இருக்க இயங்குதளம் ஒரு பொது டிரைவரை ஏற்றிக்கொள்கிறது. எந்த கார்டிலும் ஏதோ ஒரு படத்தை அதனால் காட்டமுடியும், அவ்வளவுதான். கணினி எழும்போது அமைந்த அளவை விட்டுப் பெரும்பாலும் நகராது. விண்டோவை இழுத்தால் கஞ்சியில் கரண்டி போட்டதுபோல மெதுவாக நகரும். பழைய கணினிகளில் அந்த அளவு பல நேரம் 1024க்கு 768.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்பிளே அடாப்டர் என்ற இடத்தில் பாருங்கள். உங்கள் கார்டின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் சேதி அதுதான். அதே இடத்தில் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பும் பொத்தான், ரோல் பேக், இருக்கும்; பழைய பதிப்பு மிச்சமிருந்தால் மட்டும் அழுத்த வரும். வராவிட்டால் கார்டு தயாரித்தவரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரியதை இறக்கி நிறுவவேண்டும். கடையில் மலையாளம் அடிக்கும் பெண் லினக்ஸ் பழக்கமுள்ளவள். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசு நிறுவனம் தரும் லினக்ஸில்தான் பாடம். "இதுவே உபுண்டு லினக்ஸுன்னா பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பாத்திருப்பேனுங்க" என்றாள். சரியான பேச்சு. கணினி எழும்போது வரும் பட்டியலில் முந்தைய கருவைத் தேர்ந்தெடுத்து, படம் ஒழுங்காக வந்தால் குற்றம் புதிய கருவுக்கும் டிரைவருக்கும் நடுவில்தான்.

மச்சினன் கணினியில் ரோல் பேக் வேலை செய்தது. ஆனால் பிள்ளையார் இளைக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

காரணம் மறுபடி அந்தக் கேபிள். டிரைவர் ஏறியதும் முதலில் மானிட்டரிடம் 'உன்னால் என்னென்ன அளவு காட்டமுடியும்' என்று கேட்கும். மானிட்டர் தன் ஜாதகத்தை நீட்டும்: அடிப்படையில் 128 பைட் நீளமுள்ள ஒரு சிறு குறிப்பு, ஈ.டி.ஐ.டி. என்று பெயர். யார் தயாரித்தது, எந்த ஆண்டு, எந்த அளவு அதற்கு உகந்தது எல்லாம் அதில் இருக்கும். 128 பைட்டையும் கூட்டினால் தொகை 256ஆல் மீதியின்றி வகுபடவேண்டும். இல்லையென்றால் வழியில் ஏதோ சிதைந்துவிட்டது என்று அர்த்தம். 1994 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தப் பேச்சு நிறக் கம்பிகளில் நடப்பதில்லை, அதற்கென்று தனிக் கம்பிகள். மலிவான சில வி.ஜி.ஏ. கேபிள்களில் அவற்றைப் போடாமலே மிச்சம் பிடித்துவிடுவார்கள். ஜாதகம் வராத மானிட்டரைக் கணினி 'ஏதோ ஒரு மானிட்டர்' என்று எடுத்துக்கொண்டு, எதற்கு வம்பு என்று சின்ன அளவிலேயே நிறுத்திக்கொள்ளும்.

அவன் முதலில் கழற்றிவைத்த எச்.டி.எம்.ஐ. கேபிளையே திரும்ப மாட்டினோம். திரை ஒருமுறை கண் சிமிட்டி 1920க்கு வந்தது. மஞ்சள் மஞ்சளானது, பிள்ளையார் தன் பழைய தொப்பைக்குத் திரும்பினார்.

எல்லா வீட்டிலும் இதே கதையாக இருக்காது. திரை விட்டுவிட்டு மினுக்குகிறது என்றால் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பாருங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் வேறு ஏதோ ஒரு மென்பொருள். பிரவுசரில் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறுகிறதா, அதன் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் என்பதை அணைத்துப் பாருங்கள். திரை உறைந்து நின்றால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி எழும். திறந்திருக்கும் வேலை பொதுவாகப் போகாது. தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது திரைக் கோளாறே அல்ல, எழுத்துரு இல்லை.

இன்னொன்று இருக்கிறது, நான் பலமுறை ஏமாந்தது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பது இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் கரு முழுதாக இறங்குவதில்லை. டிஸ்க்கில் பதிந்து தூங்கவைத்து மறுநாள் எழுப்புகிறார்கள், டிரைவரும் அதோடு தூங்கி எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மாதக் கணக்கில் ரீஸ்டார்ட் பார்க்காத கணினி அப்டேட்டுக்காக முதல் தடவை முழுதாக இறங்கி ஏறும்போது, எப்போதோ செத்துக்கொண்டிருந்த நினைவகமோ மின்தேக்கியோ அன்றைக்குப் பார்த்துக் காட்டிக்கொடுக்கும். பழி அப்டேட் தலையில். இதைத் தெளிவிக்கச் சுலபமான வழி, கணினி எழும்போதே பயாஸ் திரைக்குள், அதாவது இயங்குதளம் ஏறுவதற்கு முன்பு வரும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பார்ப்பது. அங்கே இயங்குதளமும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் கோடும் புள்ளியும் தெரிந்தால் அப்டேட்டை விட்டுவிடுங்கள். கேபிள், மானிட்டர், கார்டு, ராம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டியதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்து சேர்க்கும் புழுதியில் விசிறி அடைத்துக்கொண்டு, கார்டு சூடேறிப் படம் கெடுவதையும் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

ஆவணி முகூர்த்தம் முடியும்வரை அப்டேட்டைத் தள்ளிவைத்துக் கொடுத்துவிட்டு, முள் மடங்கிய கேபிளைக் குப்பையில் போடச் சொன்னேன். "சரிங்க மாமா" என்று சுருட்டி மேசை இழுப்பறைக்குள்ளேயே திரும்ப வைத்தான்.